கண்பெட்டிக்குள் ஒரு முழத் தூரம்

தை மாதத்து முகூர்த்தம் ஒன்றில் மண்டபத்துக் கம்பியில் நான் தலைகீழாகத் தொங்கவிட்ட கேமராவால், எங்கள் ஊரில் தூரமாக இருந்தவர்கள் எல்லோரும் கிட்டத்தில் வந்து நின்றார்கள், கிட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தூரத்தில் போய் நின்றார்கள். அதற்கு இந்தச் சென்னியப்பன்தான் காரணம் என்று சொல்கிறவன் சொல்லட்டும், நான் செய்தது ஒரே ஒரு தப்பு, அதுவும் வேலை தெரிந்தவன் செய்கிற தப்பு, வேலை தெரியாதவனுக்கு அந்தத் தப்பைச் செய்யவே வராது.

ஊர் திருச்செங்கோடு. மலையைச் சுற்றி எந்தத் தெருவில் போனாலும் ஒரு போர்வெல் லாரி நிற்கும், இல்லையென்றால் அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். இங்கிருந்து கிளம்புகிற லாரி ஆந்திரா, ஒடிசா, சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று பூமியைத் துளைத்துக்கொண்டே போகும், சிலது கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போகும், லாரியோடு போன ஆம்பளைகள் மழை இறங்கித் தொழில் படுத்தால்தான் வீட்டு வாசலை மிதிப்பார்கள். ஆகையால் எங்கள் ஊர்க் கல்யாணங்களில் எப்போதுமே பாதி ஆள் இருக்க மாட்டான். மாமன் இருக்க மாட்டான், பங்காளி இருக்க மாட்டான், சில கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவனே முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம்தான் சிமெண்டுத் தூசியோடு வந்து இறங்குவான். அப்படி இல்லாதவர்களுக்குக் காட்டுவதற்காகத்தான் வீடியோ, அந்த வீடியோவை எடுப்பதற்காகத்தான் நான். லைட் பிடிக்கிற வேலையில் ஆரம்பித்தவன். சூடான விளக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கை கொஞ்சம் இறங்கினால் முழங்காலில் உதை வாங்கி, அப்படிக் கற்ற தொழில். இன்றைக்குச் சங்ககிரி ரோட்டில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, போர்டில் என் பேர்.

அந்தக் கேமராவை மெட்ராஸ் ரிச்சி தெருவில் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி, முகத்தில் மீன் கண் மாதிரிப் பிதுங்கிய ரெண்டு லென்ஸ், மனுசனுக்கு ரெண்டு கண்ணும் இருக்கிற அதே இடைவெளியில். அதில் எடுத்த படத்தைத் தலையில் மாட்டுகிற பெட்டிக்குள் போட்டுப் பார்த்தால், அரைப் பூசணிக்காயைக் குடைந்து உள்ளே தலையை விட்ட மாதிரி, மேலே கீழே இடம் வலம் எங்கும் படம்தான், ஆள் ஆளாகவே எதிரில் நிற்பான். திரும்பிப் பார்த்தால் மட்டும் இருட்டு.

"அண்ணே, முன்னாடியே சொல்லிடறேன், இது முன்பக்கம் மட்டுந்தான் எடுக்கும், பின்பக்கம் எடுக்காது" என்றான் விற்றவன்.

"அப்பப் பாதி ஒலகந்தான எடுக்குது? பாதி வெலையச் சொல்லு."

"பாதி வெலைக்கு அட்டப்பொட்டிகூட வராதுண்ணே."

"பொட்டிய நீயே வெச்சுக்க, கேமராவக் குடு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். அடுத்த கடை தாண்டுவதற்குள் கூப்பிட்டான். கூப்பிடுவான் என்று தெரியும். கூப்பிடாதவனிடம் நான் எந்தப் பொருளும் வாங்கினதில்லை.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் கேமராவுக்கு எதிரி ஒறம்பரைதான், சொந்தபந்தம்தான். சீர் நடக்கிறபோது மேடையை மறித்து நிற்காத மாமன் கிடையாது, எட்டிப் பார்க்காத அத்தை கிடையாது, கடைசியில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்து, "என்ன சென்னியப்பா, வெறும் முதுகா எடுத்துருக்கற" என்று கேட்பார்கள். ஆகவே ருக்மணியக்கா மகன் கல்யாணத்தில் ஒரு வேலை செய்தேன். பூ அலங்காரம் செய்கிற இரும்புச் சட்டத்தில் ஒரு கம்பியைக் கட்டி, மேடைக்கு நேர் எதிரே, ஜனங்கள் தலைக்கு முன்னால் இறங்கும்படி கேமராவைத் தலைகீழாகத் தொங்கவிட்டேன். எவனும் மறிக்க முடியவில்லை.

கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு வட்டம், ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் மொத்த மண்டபம், எல்லோரும் வவ்வால் மாதிரித் தொங்கிக்கொண்டு. வட்டத்தை விரித்துச் சதுரமாக்கணும், இடது கண்ணுக்கான படம் இடது பாதியில், வலது கண்ணுக்கானது வலது பாதியில் உட்காரணும், கலர் பார்க்கணும், இது அரைக்கோளப் படம் என்று ஃபைலுக்குள் ஒரு முத்திரையும் குத்தணும், குத்தாவிட்டால் பெட்டி அதைச் சினிமாப் படம் மாதிரித் தட்டையாகக் காட்டிவிடும். எல்லாம் செய்தேன். தலைகீழாக இருந்த ரெண்டு படத்தையும் தனித்தனியாக நிமிர்த்தினேன். நிமிர்த்தினவன் ஒன்றை விட்டுவிட்டேன்: கேமரா தலைகீழாகத் தொங்கும்போது இடது லென்ஸ் வலப்பக்கம் போய்விடும், வலது லென்ஸ் இடப்பக்கம் வந்துவிடும், படத்தை நிமிர்த்தினால் போதாது, கண்ணையும் மாற்றி வைக்கணும். மாற்றவில்லை. இடது கண் பார்க்க வேண்டியதை வலது கண்ணும், வலது கண் பார்க்க வேண்டியதை இடது கண்ணும் பார்த்தால் கிட்டத்தில் இருப்பது எட்டப் போகும், எட்டத்தில் இருப்பது கிட்ட வரும். இது தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கோளாறு. எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுச் சோறுண்ணப் போனேன், திரும்பி வந்தபோது படம் தயாராக இருந்தது.

ருக்மணியக்காதான் முதலில் பெட்டியைத் தலையில் மாட்டிக்கொண்டாள். அவள் மகள் பிரியதர்சினி கனடாவில் இருக்கிறாள், அண்ணன் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. எங்களில் மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து இணைச்சீர் செய்யாமல் தாலி கட்ட முடியாது; கூடப்பிறந்தவள் வராததால் சித்தப்பன் மகளை உட்கார வைத்துச் செய்தார்கள், அந்த வருத்தம் அக்காவுக்கு இன்னும் ஆறவில்லை.

"ஏஞ் சென்னியப்பா," என்றாள் பெட்டிக்குள்ளிருந்து, "எம்பட புள்ள எப்பக் கல்யாணத்துக்கு வந்தா?"

"யாரக்கா?"

"பிரியாடா. இங்க நிக்கறா. கைய நீட்டுனாத் தொடலாம்." கையை நீட்டிக் காற்றைத் தடவினாள். "தலமுடிய வெட்டிக்கிட்டாளே, பாவி. ஒரு வார்த்த சொல்லல பாரு."

"மாப்பிள்ள தெரியறானாக்கா?"

"அவனா? அந்தா, மண்டபத்து வாசல்ல எறும்பாட்டம் நிக்கறான்."

மாப்பிள்ளைக்காரன் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான்.

கனடாவுக்குப் போன் போட்டுக் கேட்டால், ஆமாம், முந்தா நாள்தான் முடியை வெட்டினேன், உனக்கு யாரம்மா சொன்னது என்றாள். அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கண் மாறிப்போன கதையைச் சொல்லி, அரைமணி நேரம் இருந்தால் சரிசெய்து தருகிறேன் என்றேன். சரிசெய்ததில் மாப்பிள்ளை மேடையில் இருந்தான், சித்தப்பன் மகள் பக்கத்தில் இருந்தாள், கனடாக்காரி இல்லை.

"இது வேண்டாம்" என்றாள் அக்கா. "தப்பாப் பண்ணுனியே, அதயே குடு. நீ சரி பண்ணுனா எம்புள்ள போயிருவா."

அவள் பஸ் ஏறி வீடு போய்ச் சேர்வதற்குள் ஊருக்கு விசயம் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் ஷட்டரைத் தூக்குகிறேன், பொம்பளைகள் வரிசை போஸ்ட் கம்பம் வரைக்கும் நிற்கிறது. ஏன் இப்படி ஆனது, எப்படி ஆனது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. தலை குளித்துவிட்டு வரலாமா, சாப்பிட்டுவிட்டு மாட்டலாமா, கைக்குழந்தைக்குக் காட்டலாமா என்றுதான் கேட்டார்கள். அந்தப் படத்தில் கல்யாணம் யாருடையதாக இருந்தால் என்ன, மாட்டுகிறவளுக்கு வேண்டிய ஆள் எவ்வளவு எட்டத்தில் இருக்கிறானோ அவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றான். பேச மாட்டான், கூப்பிட்டால் கேட்காது, இன்றைக்கு எந்தச் சட்டையில் எந்த முகத்தோடு இருக்கிறானோ அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருப்பான், இணைச்சீர் முடிகிற வரைக்கும். பெட்டியின் பட்டையில் மல்லிகைப்பூ சிக்கிக்கொள்ளும், ஸ்பாஞ்சில் பவுடரும் குங்குமமும் ஒட்டும், ஒவ்வொருத்தி கழற்றினதும் நான் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து அடுத்தவளுக்கு மாட்டிவிடுவேன். ஊர் அதற்குக் கண்பெட்டி என்று பேர் வைத்தது.

பார்த்துப் பார்த்து அவர்களே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். ஈரோட்டுக்குப் போனவன் மண்டப வாசலில் எறும்பாகத் தெரிவான். ஆந்திராவில் இருக்கிறவன் நாற்காலி வரிசைக்கு நடுவில், ராஜஸ்தான்காரன் மேடைப் படியில், கப்பலேறிக் கடல் தாண்டினவன் ஒரு முழத்தில். பெட்டியை மாட்டிக்கொண்டு ஆளாளுக்குக் காற்றில் சாண் போட்டு, முழம் போட்டு அளந்துவிட்டு, வெளியே வந்ததும் போனைப் போடுவார்கள்: "ஏனுங்க, நேத்து மூணு மொழத்துல நின்னீங்க, இன்னைக்கு ரெண்டு மொழத்துக்கு வந்துட்டீங்க, இன்னும் வடக்க போயிட்டீங்களா?" ராய்ப்பூரில் மழை, லாரி சேற்றில் நிற்கிறது என்று சொன்ன ஒருத்தன் எறும்பாகத் தெரிந்து, பவானியில் இன்னொரு வீட்டில் பிடிபட்டான். அதற்கப்புறம் ரிக் என்கிற அந்தப் போர்வெல் லாரிகளின் ஓனர்கள் நாலு பேர் வந்து, தொழிலாளிகள் நிம்மதியாக வேலை செய்ய வேண்டாமா என்று என்னிடம் கத்தினார்கள், நான் அவர்களைவிடச் சத்தமாகக் கத்தினேன், கடைசியில் முகூர்த்த நாளில் மட்டும் கடையை மூடுவது என்று பேசி முடித்தோம். முகூர்த்த நாளில் எப்படியும் எனக்குக் கடை கிடையாது.

பட்டறைத் தெரு ராஜாமணி வந்த அன்றைக்குத்தான் மிச்சக் கணக்கும் தெரிந்தது. புருசன் செத்துப்போனவள், சும்மா பார்க்கிறேன் என்று மாட்டினாள், மாட்டிவிட்டு, "படம் வர்லீங்ணா, ஒரே மண்ணு நெறமா இருக்குது" என்றாள். கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். மறுபடி மாட்டினாள்.

"இது மண்ணு இல்லீங்ணா," என்றாள் மெதுவாக. "இது அவரு கழுத்து. காதுக்குக் கீழ மரு இருக்குது பாருங்க."

எல்லோரையும்விட எட்டப் போனவர்கள் கண்ணோடு கண்ணாக ஒட்டி நின்றார்கள், அதனாலேயே அவர்கள் உருவம் தெரியவில்லை. ஒரு தோல், ஒரு புருவ மயிர், சட்டைக் காலரின் நூல், அவ்வளவுதான். ஊர் இதற்கும் இடம் ஒதுக்கியது. அமாவாசை அன்றைக்கு வரிசையில் வேறு ஆளை விடக்கூடாது என்றார்கள், படையலுக்கு முன்னால் பார்ப்பதா பின்னால் பார்ப்பதா என்று ஒரு சண்டை நடந்து, பின்னால்தான் என்று முடிவானது. ராஜாமணி மாதாமாதம் வந்து அந்த மருவைப் பார்த்துவிட்டுப் போனாள். முகம் பார்க்க முடியவில்லையே என்று ஒருநாளும் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

எங்கள் வீட்டில் கலாமணி மட்டும் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. கலாமணி என் சம்சாரம். எங்களுக்கு ஒரே பையன், லோகேஸ்வரன், லோகு. லைட் பிடித்துக்கொண்டு மண்டபம் மண்டபமாக நிற்க மாட்டேன், ரிக்கில் போகிறேன் என்றான், போனான். சத்தீஸ்கரில் ஏதோ ஒரு ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையில் லாரியை நிறுத்தியிருக்கிறார்கள், கை கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனவன் வரவில்லை. போன் அணைந்துபோனது. நான் அந்தப் பாஷை தெரியாத ஊரில் ஸ்டேசன் ஸ்டேசனாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, கடைசியில் போகக்கூடாத இடமெல்லாம் போய்த் துணியை விலக்கி விலக்கிப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கேயும் இல்லை. அதற்கப்புறம் ரெண்டு மழை போய்விட்டது.

என் பெரியப்பன் மகன் குழந்தைவேலு அண்ணன்தான் பேச்சை எடுத்தார். பேரனுக்குக் குலசாமி கோயிலில் காது குத்தணும், பங்காளி வீட்டில் ஒரு உசுரு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் எந்த நல்ல காரியத்தைத் தொடங்குவது?

"மனசத் தேத்திக்க தம்பி. கருமாதியச் செஞ்சு போடுவோம். அவனுக்கும் ஒரு வழி பொறக்கும்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. தீராத பேரம் மாதிரி ஒரு கொடுமை கிடையாது. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, ரெண்டும் இல்லாமல் கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டே இருக்க என்னால் முடியாது. கலாமணியிடம் சொன்னேன். அவள் வெந்நீர்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "அவன் கண்பொட்டியில எங்க நிக்கறான்னு பாத்துட்டுச் செய்யுங்க" என்றாள்.

பங்காளிகள் எல்லோரும் கூடி அதை ஒத்துக்கொண்டார்கள். ஒட்டி நின்றால் கருமாதி, விலகி நின்றால் வேண்டாம். யார் பார்ப்பது? பெற்றவள்தான்.

கலாமணி அன்றைக்குப் புதுச் சேலை கட்டிக்கொண்டு கடைக்குள் வந்தாள், வீட்டிலிருந்து கடைக்கு ஒரு கதவுதான், ஆனாலும் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். நான்தான் மாட்டிவிட்டேன். இணைச்சீர் முடிகிற வரைக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழற்றினதும் எல்லோரும் அவள் வாயைப் பார்த்தோம்.

"ஒரு மொழம்" என்றாள்.

அண்ணன் மூச்சு விட்டார். "பாஸ்போட்டே இல்லாதவன் எப்படி அம்மிணி கடல் தாண்டுவான்?"

"லாரி கப்பலேறறப்ப அவனும் ஏறியிருப்பானுங்க மாமா."

அதற்கப்புறம் தினமும் கடை திறந்ததும் முதல் ஆளாக அவள்தான் மாட்டினாள். தினமும் கேட்பேன், தினமும் ஒரு முழம் என்பாள். சித்திரை போய் ஆடி வந்தது, அவள் ஒரு முழத்திலிருந்து இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது. எத்தனை வருசமாகப் பேரம் பேசுகிறவன் நான். விலை ஒரு விரற்கடைகூட அசையாத இடத்தில், ஒன்று, சொல்கிறவன் யோக்கியனாக இருக்கணும், இல்லையென்றால் அவன் கையில் சரக்கே இருக்கக்கூடாது.

"லாரில போறவன் ஒரே எடத்துலயா நிப்பான்?" என்று ஒருநாள் சோற்றுத் தட்டில் கையை வைத்துக்கொண்டே கத்தினேன். "ஒரு நாளு முக்கா மொழம், ஒரு நாளு ஒண்ணரை மொழம்னு மாற வேண்டாமா? நெசத்தச் சொல்லு."

நான் ரசத்தைப் பிசைந்து பாதி தின்ற பிறகுதான், "மாறலீங்க" என்றாள்.

அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது. நான் ஒன்று கேட்டால் அது வெளிநாட்டுப் போன் மாதிரி எங்கேயோ போய்ச் சேர்ந்து, அவள் பதில் அங்கிருந்து கிளம்பி, நான் வேறு நினைப்புக்குப் போனதற்கப்புறம் வந்து சேரும். காது மந்தமாகிவிட்டது என்று நினைத்தேன். ஈரோட்டில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பரிசோதித்துவிட்டு, அம்மாவுக்குக் காது நல்லா இருக்கு என்றார். அவரிடமும் சண்டை போட்டேன். வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தாள், நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஊர் வரும் வரைக்கும் டாக்டரைத் திட்டிக்கொண்டே வந்தேன். எல்லாவற்றுக்கும் சரிங்க என்றாள். ஆடி முடியட்டும், அதற்குமேல் நான் பொறுக்க மாட்டேன், கருமாதியைச் செய்துவிடுவேன் என்றதற்கும் சரிங்க என்றாள். சரி என்று சொன்னால் பேரம் முடிந்தது என்றுதான் எனக்குத் தெரியும்.

ஆவணி பிறந்ததும் ஒரு மத்தியானம் குழந்தைவேலு அண்ணன் பங்காளிகள் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். வெற்றிலை பாக்குகூட வாங்கி வந்திருந்தார்.

"அம்மிணி சொல்றத நாங்க தப்பாச் சொல்லல தம்பி. பெத்த மனசு, அது எப்படிச் சொல்லும்? நீ ஒருக்கா மாட்டிப் பாத்துச் சொல்லு. உன்ற வாய்ல வந்தா நாங்க நம்பறோம்."

நான் அந்தத் தப்புப் படத்தை ஒருநாளும் மாட்டிப் பார்த்ததில்லை. பலகாரம் போடுகிறவனுக்கு அதைத் தின்னப் பிடிக்காது என்று ஊரில் சொல்லிவைத்திருந்தேன். சத்தீஸ்கரில் துணியை விலக்கிப் பார்த்த கண்ணுக்கு இன்னொரு தடவை அந்த வேலையைக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான் விசயம். கலாமணி கல்லாவுக்குப் பக்கத்து பெஞ்சில் முறத்தை மடியில் வைத்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பெட்டியை எடுத்து மாட்டினேன்.

படம் வரவில்லை. ஒரே மங்கல், மஞ்சள் கலந்த மாநிறம், எங்கே பார்த்தாலும் அதுதான்.

ஒட்டி நிற்கிறான் என்று புரிந்தது. என் மகன் போய்விட்டான், அவள் இத்தனை மாதமும் பொய் சொல்லியிருக்கிறாள், அவளிடம் கத்தக்கூடாது, இந்த ஒரு தடவை கத்தவே கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மரு ஏதாவது, தழும்பு ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். அப்போது கீழே ஓரத்தில் எதுவோ மின்னியது. தலையைக் குனிந்து பார்த்தேன். கல். தேங்காயளவுக்குப் பெரிதாகத் தெரிந்த ஒரு வெள்ளைக் கல், பக்கத்தில் இன்னொன்று, சுற்றி ஆறு, நடுவில் ஒன்று. மூக்குத்தி. நான் வாங்கினது. கடைக்காரன் இனிமேல் என் கடைப் பக்கம் வராதே என்று கையெடுத்துக் கும்பிடுகிற வரைக்கும் பேரம் பேசி நான் வாங்கினது.

மேலே பார்த்தேன். ரெண்டு இமை. மூடியிருந்தது.

கலாமணிதான். அவளைத் தாண்டிப் பார்க்கத் தலையை இடப்பக்கம் சாய்த்தேன், வலப்பக்கம் சாய்த்தேன், எம்பிப் பார்த்தேன், எந்தப் பக்கமும் அவள் முகம்தான், விளிம்பு வரைக்கும் அவள் கன்னம்தான். திரும்பினேன், பின்னால் இருட்டு. லோகு அவளுக்குப் பின்னால் எங்கேயோ நின்றிருக்கலாம், ஒரு முழத்திலோ, மேடைப் படியிலோ, வாசலில் எறும்பாகவோ. அவனை எனக்குக் காட்டாமல் அவள் நின்றாள். கடல் தாண்டினவர்கள் ஒரு முழம், செத்தவர்கள் முகத்தோடு முகம். ராஜாமணி புருசனுக்காவது காதுக்குக் கீழே ஒரு மரு தெரிகிற அளவுக்கு இடம் இருந்தது. இவள் இமை மயிர் என் கண்ணுக்குள் குத்துகிற மாதிரி நின்றாள். என் வீட்டில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு, என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, என் பக்கத்தில் பஸ்ஸில் வந்துகொண்டு, யாரும் போகாத தூரத்துக்கு அவள் போய்விட்டிருந்தாள், எப்போது கிளம்பினாள் என்று எனக்குத் தெரியாது.

பெட்டியைக் கழற்றினேன். அவள் அதே பெஞ்சில், என் கைக்கு எட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கத்தி வெங்காயத்தின் மேல் நின்றிருந்தது.

"என்ன தம்பி," என்றார் அண்ணன். "எங்க நிக்கறான்?"

"ஒரு மொழம்" என்றேன்.

"நெசமாவா?"

"ஒரு மொழம். கைய நீட்டுனாத் தொடலாம். கொஞ்சம் எளச்சிருக்கறான்."

"நல்லாப் பாத்தியா தம்பி? இன்னொருக்கா வேணா..."

"என்ற பையன் எங்க நிக்கறான்னு எனக்குத் தெரியாதாண்ணா? நீங்க பேரனுக்குக் காதக் குத்துங்க, மொட்ட அடிங்க, கெடா வெட்டுங்க, எங்க வீட்ல எழவு விழுகல. வெத்தலைய எடுத்துட்டுக் கெளம்புங்க."

போகும்போது பங்காளி ஒருத்தன், இவனுக்கு வாய் மட்டும் குறையவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது காதில் விழுந்தது. விழட்டும். ரோட்டில் ஒரு ரிக் லாரி, புதுப் பெயிண்ட், சந்தனப்பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பிப் போனது, அந்தச் சத்தம் அடங்குகிற வரைக்கும் நாங்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"என்ன சட்டைங்க போட்டிருந்தான்?" என்றாள்.

"ஏன், நீதான் தெனமும் பாக்கறியே."

அவள் பதில் வர நேரமானது. நான் காத்திருந்தேன்.

"நான் ஒரு நாளும் கண்ணத் தொறக்கலீங்க" என்றாள். "தொறந்து, ஒட்டி நின்னுட்டான்னா என்ன பண்றது? மூடிக்கிட்டே உக்காந்திருப்பேன். ஒரு மொழத்துக்கு மேல கிட்ட வந்தா உசுரு இல்லீன்னு சொன்னாங்க. அதுக்கு மேல எட்ட நிறுத்த எனக்கு மனசு வர்ல. அதான் அங்கயே நிறுத்தி வெச்சிருந்தேன்."

அவள் கத்தியை முறத்தில் வைத்தாள்.

"நீங்க கண்ணத் தொறந்து பாத்தீங்களே. என்ன சட்டை?"

பெட்டியின் பட்டையைச் சுருட்டிக்கொண்டே சொன்னேன்.

"பச்சைக் கட்டம் போட்டது."

"அத அவன் கொண்டுட்டே போகலீங்களே. பீரோவுல இருக்குது."

"அதே மாதிரி இன்னொண்ணு வாங்கியிருப்பான்."

"இருக்கும்" என்றாள் அவள் உடனே. "அந்தக் கலருன்னா அவனுக்கு உசுரு."

அந்தப் பதில் எங்கேயும் போய்ச் சுற்றாமல் நேராக வந்தது. நான் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தபடி, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"கையை மடிச்சு விட்டிருந்தானுங்களா?"

"முட்டி வரைக்கும்."

"தாடி?"

"லேசா. ஆனா நல்லாத்தான் இருக்குது."

"செருப்பு போட்டிருந்தானா, ஷூவுங்களா?"

"ஷூ. சேறு ஒட்டுனது."

"சாப்பிடறானாமா? மூஞ்சியப் பாத்தாத் தெரியுமே."

"எளச்சிருக்கறானே தவிர, மூஞ்சி தெளிவா இருக்குது. வெயில்ல கறுத்துருக்கறான். நெத்தியில முடி விழுந்துருக்குது, வெட்டிக்கலாம்."

ஒரு ரூபாய்க்கு நாலு பேச்சுப் பேசி முக்கால் ரூபாயாக்குகிறவன் நான். அவள் கேட்டதையெல்லாம் கேட்ட விலைக்குக் கொடுத்தேன், கேட்காததையும் சேர்த்துக் கொடுத்தேன், கையில் வாட்ச் கட்டியிருந்தது, இடது கண்ணை அப்பப்போ சுருக்குகிற பழக்கம் இன்னும் போகவில்லை, எதையோ சொல்ல வருகிற மாதிரி வாயைத் திறந்தான், சொல்லவில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். கொஞ்ச நேரத்தில் முறத்தைக் கீழே இறக்கி வைத்தாள், சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், என் முகத்தையே பார்த்தாள், அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்பதை நிறுத்தின பிறகும் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.